பெரணி பிடுங்கும் பெருமக்கள்

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில், பாறையில் தண்ணீர் கசியும் இடமெல்லாம் பெரணி தொங்கும். சிலது விரல் நீளம், சிலது கை நீளம். பூ கிடையாது, காய் கிடையாது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாத பச்சை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கும் கார்களில் ஏதாவது ஒன்று அங்கே நிற்கும். ஒருவர் இறங்குவார். வண்டிச் சாவியாலோ ஸ்பேனராலோ பாறை இடுக்கைக் கிளறுவார். வேரும் பாசியுமாக ஒரு கொத்து கையோடு வரும். 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் கேரி பேக் ஒன்று எப்படியும் காரில் இருக்கும். அதில் போட்டுக் கட்டி டிக்கியில் வைத்தால் வேலை முடிந்தது. "ஹால்ல வைச்சா நல்லா இருக்கும்ல?"

மூன்று வாரம் கழித்து அந்த ஹாலுக்குப் போனால், டி.வி. பக்கத்தில் ஒரு பளபளப்பான பிளாஸ்டிக் தொட்டி இருக்கும். அதற்குள் டீத்தூள் நிறத்தில் சுருண்டுபோன ஏதோ ஒன்று. கேட்டால் தீர்ப்பு தயாராக இருக்கும்: "தினமும் தண்ணி ஊத்தத்தான் செஞ்சோம். நம்ம ஊரு வெயிலுக்குத் தாங்கலப்பா."

ஆக, குற்றவாளி வெயில். பிடுங்கியவர் நிரபராதி!

இந்தத் தீர்ப்பை ஏற்கவே கூடாது. அந்தச் செடியைக் கொன்றது வெயில் மட்டும் அல்ல. ஈரம் என்றால் தண்ணீர் ஊற்றுவது என்று நினைக்கிற ஒரு தப்புக் கணக்குதான் முதல் காரணம். அந்தக் கணக்கு புரிந்தவர் மலைப் பெரணியைப் பிடுங்கவே மாட்டார். பிடுங்கினாலும் பிரயோஜனம் இல்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

தண்ணீர் வேறு, ஈரப்பதம் வேறு

"இது ஈரம் விரும்பும் செடி" என்று யாராவது சொன்னால், கேட்பவர் காதில் "நிறைய தண்ணி ஊத்து" என்றுதான் விழுகிறது. செடி விற்கிற இடங்களிலும் பெரும்பாலும் இதே அறிவுரைதான்.

அருவி ஓரத்துப் பாறையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தாலே விஷயம் விளங்கும். அங்கே தண்ணீர் தேங்குவதே இல்லை. சொட்டுகிறது, வழிகிறது, போய்விடுகிறது. பெரணியின் வேர் மெல்லியது. ஆழமாகப் போகாது. பாசிக்கும் மக்கிய இலைக்கும் நடுவில் பரவிக் கிடக்கும். அந்த வேருக்கு ஈரமும் கிடைக்கிறது, காற்றும் கிடைக்கிறது.

இப்போது ஹாலில் இருக்கும் தொட்டிக்கு வருவோம். கீழே ஓட்டை இருக்காது. இருந்தாலும் தரை நனையக் கூடாதென்று ஒரு தட்டு வைத்திருப்பார்கள். தட்டில் தண்ணீர் நிற்கும். மண் சேறாகும். வேருக்குக் காற்று போகாது. மூச்சு முட்டிய வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். இலை வாடுவதைப் பார்த்த வீட்டுக்காரர் "ஐயோ, தண்ணி பத்தலை போல" என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார்! தாகத்தில் வாடும் செடியும் மூழ்கி வாடும் செடியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் தெரிய ஒரு வழிதான் உண்டு. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். மேல் மண் லேசாகக் காயத் தொடங்கியிருந்தால் ஊற்றலாம். சொதசொதவென்று இருந்தால் சொம்பைக் கீழே வைத்துவிடலாம்.

இது பாதிக் கதை. மீதிப் பாதி, காற்று.

பெரணியின் இலை மெல்லியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில் இருக்கும் சவ்வுப் பெரணிகளில் இலையின் தடிமன் ஒரே ஒரு செல் வரிசைதான். ஈரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ள அதில் இடமே இல்லை. சுற்றியிருக்கும் காற்றே ஈரமாக இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும்.

இங்கே ஒரு சின்ன பௌதிகக் கணக்கு. காற்று சூடாகச் சூடாக, அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு கூடும். 20 டிகிரியில் 100 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் மலைக் காற்றை அப்படியே பிடித்து, 35 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் சுமார் 42 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டு நீராவிகூட வெளியே போகவில்லை. சூடு ஏறியது, அவ்வளவுதான். மேகமலை ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். தேனி நகரம் சுமார் 300 மீட்டர். மேலே பனிமூட்டத்தில் நின்ற செடிக்கு, கீழே இறங்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைகீழாக மாறிவிடுகிறது உலகம்.

போதாக்குறைக்குக் காற்று வேறு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் மழை கொட்டும். இந்தப் பக்கம் கூடலூர், கம்பம் வரைக்கும் சாரல் எட்டிப் பார்க்கும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். அதை நம்பித்தான் இந்த மாவட்டத்தில் காற்றாலைகளே நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியே பறக்கும்போது ஒரு செல் தடிமன் இலை என்ன ஆகும்?

"ஸ்பிரேயர் வாங்கித் தண்ணி தெளிக்கிறோமே" என்று ஒரு பதில் வரும். தெளித்த ஈரம் ஃபேன் காற்றில் சில நிமிஷம்கூட நிற்காது. தெளிப்பவர் மனசு குளிரும். செடிக்குப் பெரிய லாபம் இல்லை.

"ஒண்ணு எடுத்தா காடே அழிஞ்சிடுமா?"

இதுதான் அடுத்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு கொத்து எடுத்ததால் மேகமலை மொட்டையாகிவிடாது. உண்மை. ஆனால் ஒருவர் மட்டும் எடுப்பதில்லை. ஒவ்வொரு காரிலும் அந்த ஒருவர் இருக்கிறார்.

பிளஸ் ஒன்னில் தாவரவியல் படித்தவர்களுக்குப் பெரணியின் வாழ்க்கைச் சுழற்சி ஞாபகம் இருக்கும். மனப்பாடம் செய்து, படம் வரைந்து, மார்க் வாங்கி, மறந்து போன பாடம். பெரணிக்கு விதை இல்லை. இலையின் அடியில் வித்துகள், அதாவது ஸ்போர்கள், உருவாகும். தூசியைப் போன்ற அந்த வித்து ஈரமான இடத்தில் விழுந்தால், விரல் நகத்தைவிடச் சின்னதாக, இதய வடிவத்தில் ஒரு பச்சைத் தகடு முளைக்கும். அதன் அடியில்தான் ஆண் செல்லும் பெண் செல்லும் உண்டாகும். ஆண் செல் நீந்தித்தான் பெண் செல்லை அடைய வேண்டும். நீந்த ஒரு படலம் தண்ணீராவது வேண்டும். அந்தப் படலம் காய்ந்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. இத்தனையும் தாண்டி ஒரு வித்து செடி என்று சொல்லும்படியாக வளர மாதக்கணக்கில் ஆகும். பாறை இடுக்கில் ஒரு கொத்து நிறைவதற்கு வருஷங்கள். ஸ்பேனருக்கு அரை நிமிஷம்.

அதோடு, செடியை மட்டும் யாரும் பிடுங்குவதில்லை. அதைப் பிடித்திருந்த பாசியும், பாசி பிடித்திருந்த கைப்பிடி மண்ணும் சேர்ந்தே வருகின்றன. புது வித்து விழுந்து முளைக்கக்கூடிய இடமே அந்தப் பாசிதான். ஆக, இருக்கும் செடியும் போச்சு, வரப்போகும் செடிக்கான தொட்டிலும் போச்சு.

"எல்லாரும் ஒண்ணு எடுத்தால்" என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. நடந்த கதையே இருக்கிறது. லண்டனின் கிழக்குப் பகுதியில் நதானியேல் வார்ட் என்று ஒரு டாக்டர். நிலக்கரிப் புகையில் அவர் வளர்த்த பெரணிகள் எல்லாம் செத்துக்கொண்டிருந்தன. 1829ல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவருக்கு, மூடிய பாட்டிலுக்குள் ஒரு பெரணி முளைத்தது! மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து, திரும்ப மண்ணுக்கே இறங்குகிறது. வெளிக்காற்று தேவையே இல்லை. இதை வைத்து அவர் செய்த கண்ணாடிப் பெட்டிதான் 'வார்டியன் பெட்டி'.

பெரணியைக் காப்பாற்ற வந்த பெட்டி. என்ன நடந்தது? பெட்டி வந்ததும் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு பெரணி வேண்டும் என்று ஒரு வெறி கிளம்பியது. சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் 1855ல் இதற்குப் 'பெரணிப் பித்து' என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்தார். காட்டிலும் மலையிலும் புகுந்து கூடை கூடையாகப் பிடுங்கினார்கள். விற்பதற்கென்றே பிடுங்கினார்கள். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அருவி ஓரங்களில் வளரும் கில்லார்னி பெரணி பல இடங்களில் இல்லாமலே போனது. அது மிச்சமிருக்கும் இடங்களை ரகசியமாக வைக்க வேண்டிய நிலைமை வந்தது. அதுவும் ஒரு சவ்வுப் பெரணிதான். மேகமலைச் சோலைகளில் இருப்பவற்றின் தூரத்துச் சொந்தம்.

அங்கே பிடுங்கியவர்களும் கெட்டவர்கள் இல்லை. செடியை ரசித்தவர்கள்தான். ரசனை மட்டும் இருந்து அறிவு பின்தங்கினால் இப்படித்தான் ஆகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் 2021ல் அறிவிக்கப்பட்டது. 1972ஆம் வருட வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் யானைக்கும் புலிக்கும் மட்டும் உரியதல்ல. அந்தச் சட்டத்தில் 'வனவுயிர்' என்ற சொல்லுக்குள் அங்கே வளரும் தாவரங்களும் அடங்கும். சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் அவற்றை அழிப்பதும் எடுத்துச் செல்வதும் பிரிவு 29ன்படி குற்றம். புலி நகம் வைத்திருப்பவரைப் பார்த்து "அடப்பாவி" என்கிற அதே ஆள்தான் டிக்கியில் பெரணியை வைத்துக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டுகிறார்.

விற்பவர்கள் கட்டும் கதை

பிடுங்குவது தப்பு என்றால் வாங்கலாமே? வாங்கலாம். பாஸ்டன் பெரணி என்று நர்சரிகளில் தொங்கும் வகை 1890களில் அமெரிக்காவில் பிரபலமானது. இன்று அதை வேரில் பிரித்தும் திசு வளர்ப்பிலும் லட்சக்கணக்கில் பெருக்குகிறார்கள். எந்த மலையும் அதற்காக மொட்டையாவதில்லை.

ஆனால் அதோடு சேர்த்து விற்கப்படும் கதைகளை வாங்க வேண்டியதில்லை. "வீட்டுக் காற்றை சுத்தம் பண்ணும், நாசாவே சொல்லியிருக்கு" என்பது அதில் முதல் கதை. 1989ல் நாசா வெளியிட்ட ஆய்வு, வீட்டுச் செடிகளை மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் வைத்துச் செய்தது. யாரும் மூடிய பெட்டிக்குள் குடியிருப்பதில்லை. பிறகு இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்து அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல் கணக்குப் போட்டார்கள். கட்டிடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம். அதாவது, ஜன்னலைத் திறந்தால் போதும்! பெரணியை அழகுக்காக வளர்ப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. அதற்குப் பொய்க் காரணம் எதற்கு?

இரண்டாவது கதை இன்னும் மோசம். இலையின் அடியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் "பூச்சி விழுந்திருக்கு, மருந்து அடிங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டுவது. ஒழுங்கான வரிசையில், எல்லா இலையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது பூச்சி அல்ல. அவைதான் வித்துக்கூட்டங்கள். பிள்ளைப்பேற்றுக்கு விஷ மருந்து அடிக்கிற வேலை அது.

கிணற்றுச் சுவரில் இருப்பது யார்?

இதையெல்லாம்விட வேடிக்கை ஒன்று உண்டு. மலை வரைக்கும் போய்ப் பிடுங்கி வருகிற ஊரில்தான், பெரணி வீட்டு வாசலிலேயே வளர்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் பழைய தோட்டத்துக் கிணறுகளை எட்டிப் பார்த்தால் தெரியும். கல் இடுக்குகளில், சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடங்களில் பச்சையாக நீட்டிக்கொண்டிருக்கும். பழைய வாய்க்கால் மதகுகளில், குழாய் கசியும் சுவர்களில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் எல்லாம் இருக்கும். அவற்றில் அதிகம் தென்படுவது டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி. சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும். சமவெளி வெயிலும் பழகியது. 2001ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்தச் செடி மண்ணிலிருக்கும் ஆர்சனிக் விஷத்தை உறிஞ்சித் தன் இலைகளில் சேர்த்துவைக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஊரில் மட்டும் அதற்குப் பெயர் "களை". கிணறு தூர் வாரும்போதும் சுவருக்கு வெள்ளையடிக்கும்போதும் சுரண்டி எறிகிற குப்பை.

சுரண்ட வேண்டியதுதான். வேர் இறங்கினால் சுவர் விரிசல் விடும், அது நியாயம். ஆனால் சுரண்டி எறியும் அன்றைக்கு அதில் ஒரு கொத்தை எடுத்துத் தொட்டியில் வைப்பவர் எத்தனை பேர்? அது காட்டுச் சொத்தும் அல்ல. குப்பைக்குப் போகிற உயிர் ஒன்றுக்கு வீடு கிடைக்கும்.

வளர்ப்பதும் சிரமமில்லை. பிளாஸ்டிக் தொட்டியைவிட, மேலே பெயின்ட் அடிக்காத மண் தொட்டி நல்லது. பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே கதைதான். மண் சுவரில் ஈரம் கசிந்து ஆவியாகும்போது வேரும் குளிரும், பக்கத்துக் காற்றும் கொஞ்சம் ஈரமாகும். அந்தத் தொட்டியை இன்னொரு பெரிய மண் தொட்டிக்குள் வைத்து, நடுவில் மணலைக் கொட்டி அந்த மணலை மட்டும் நனைத்து வந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் கீழே ஓட்டை இருக்க வேண்டும்.

மண்ணுக்குப் பள்ளத்தாக்கில் பஞ்சமில்லை. தென்னந்தோப்பு இருக்கும் ஊரில் தென்னை நார்க்கழிவு கிடைக்காமல் போகாது. அதில் உப்பு இருக்கும், அதனால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட வேண்டும். அதோடு மக்கிய இலை ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. கிணற்றுச் சுவர்ப் பெரணிக்கு, பழைய சுண்ணாம்புக் காரைத் துண்டு நாலு போட்டால் ஊர் ஞாபகம் வரும்!

தண்ணீரிலும் ஒரு விஷயம். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் குடிக்கும் தண்ணீரிலிருந்து வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பெரணியின் இலை நுனி கருகுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதை வைத்துத் தரை கழுவலாம். பெரணிக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் உத்தமம்.

இடம்? டி.வி. பக்கத்தில் இல்லை, ஃபேனுக்குக் கீழே இல்லை, ஏ.சி. ரூமில் இல்லவே இல்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கம், பாத்ரூம் ஜன்னல், வடக்கு பார்த்த வராந்தா. வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. வீட்டில் எதற்கும் வழியில்லையென்றால் காலி ஊறுகாய் பாட்டில் போதும். வார்ட் டாக்டரின் வித்தை இங்கேயும் பலிக்கும். மூடி போட்ட பாட்டிலில் சின்னப் பெரணி ஒன்று மாதக்கணக்கில் தண்ணீர் கேட்காமல் இருக்கும். வெயில் நேராகப் படும் இடத்தில் மட்டும் வைக்கக் கூடாது, வெந்துவிடும்.

பொறுமை இருப்பவர்களுக்கு வித்திலிருந்தே வளர்க்கும் வழி இருக்கிறது. பழுத்த பழுப்புப் புள்ளிகள் உள்ள இலை ஒன்றைக் காகிதத்தில் மடித்து இரண்டு நாள் வைத்தால் தூசி கொட்டியிருக்கும். ஒரு செங்கல் துண்டின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆறவிட்டு, அதன் மேல் அந்தத் தூசியைத் தூவி, தண்ணீர் ஊற்றிய தட்டில் நிற்கவைத்து, வெட்டிய பாட்டிலால் மூடிவிட வேண்டும். சில வாரத்தில் செங்கல் பச்சையாகும். பிறகு பாடப் புத்தகத்தில் வரைந்த அதே இதய வடிவத் தகடு, நிஜமாகவே, கண் முன்னால்! அன்றைக்கு மார்க்குக்காக வரைந்த படம் அப்போதுதான் முதல் தடவையாகப் புரியும். அதிலிருந்து முதல் குட்டி இலை நிமிர்வதைப் பார்ப்பதற்குள் மாதங்கள் ஆகும். அத்தனை மாதம் காத்திருந்த கை, ஒரு பாறையிலிருந்து பெரணியைப் பிடுங்க அவ்வளவு சுலபத்தில் நீளாது.

கடைசியாக

பிடுங்கியவரை வில்லனாக்குவதில் லாபம் ஒன்றும் இல்லை. அவருக்கு அந்தப் பச்சை பிடித்திருக்கிறது, அது நல்ல குணம்தான். தண்ணீர் பஞ்சம் பார்த்த ஊர்க்காரருக்கு ஈரமான ஒரு பாறையைப் பார்த்தால் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகத் தோன்றுவதிலும் ஆச்சரியமில்லை. ஆனால் பாறையையும் பனியையும் கசியும் தண்ணீரையும் விட்டுவிட்டுச் செடியை மட்டும் தூக்கி வந்தால், கையில் வருவது பெரணியின் மூன்று வார ஆயுள் மட்டும்தான்.

மேகமலைக்குப் போகட்டும். வண்டியை நிறுத்தட்டும். தொட்டுப் பார்க்கட்டும், இலையைத் திருப்பி அடியில் இருக்கும் புள்ளிகளை எண்ணட்டும், பிள்ளைகளுக்குக் காட்டட்டும். ஸ்பேனர் மட்டும் டிக்கியிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியை ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும். அங்கே ஒன்று இத்தனை வருஷமாக, யாரும் ஒரு சொம்பு ஊற்றாமலே, வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.